டாக்டருக்கு முன்பே கூகுளைப் பார்த்துவிட்டோம்: இணையம் மாற்றிவரும் மருத்துவ உறவு

மாஸ்டர் செக்கப்புக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கே, இரவு எட்டு ஒன்பது மணிவாக்கில் லேப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்துவிடுகிறது. ஐந்தாறு பக்கம் இருக்கும். திறந்ததும் கண் தேடுவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்களைத்தான். தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.எச். 5.2 என்று இருக்கிறது, பக்கத்தில் ‘எச்’ என்று ஓர் எழுத்து, அதாவது ‘ஹை’, அளவு கூடுதல். டாக்டரைப் பார்க்க மறுநாள் மாலைதான் டோக்கன். அதுவரை சும்மா இருக்க யாரால் முடியும்? கூகுளில் போட்டுப் பார்க்கிறோம். தூங்கப் போவதற்குள் முடி கொட்டுவது, அசதி, எடை கூடியது எல்லாவற்றுக்கும் தைராய்டுதான் காரணம் என்று மனசு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவை இணையம் மாற்றுகிறது என்று சொன்னால், பலருக்கு வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அது ஒரு பகுதிதான். பெரிய மாற்றம் வரிசையில் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ரிப்போர்ட் டாக்டரிடம் போகும், அவர் பார்த்து, தேவையானதை நம்மிடம் சொல்வார். இப்போது ரிப்போர்ட் நம்மிடம் வருகிறது, நம்மிடமிருந்து கூகுளுக்குப் போகிறது, கடைசியில்தான் டாக்டரிடம் போகிறது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் ஒரு கதையோடு போய் உட்காருகிறோம். அந்தக் கதையை அவரிடம் சொல்கிறோமா, மறைக்கிறோமா என்பதில்தான் இந்த மாற்றம் நல்லதாகப் போகுமா கெட்டதாகப் போகுமா என்பது இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்கள் மறைக்கிறார்கள். ‘கூகுள் பண்ணிட்டு வந்தியா?’ என்று ஒருமுறை திட்டு வாங்கியிருப்பார்கள், அதன் பிறகு வாயைத் திறப்பதில்லை.

முதலில் அந்த ‘எச்’ எழுத்தை எடுத்துக்கொள்வோம். தகவல் கையில் இருப்பதற்கும் அதன் பொருள் புரிவதற்கும் எவ்வளவு தூரம் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். பல பரிசோதனைகளில் அந்த அளவை எடுக்கும் முறை இதுதான்: ஆரோக்கியமான நிறையப் பேரைப் பரிசோதித்து, கிடைக்கும் எண்களில் நடுவில் வரும் 95 சதவீதத்தை ‘இயல்பு’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 100 பேருக்கு 5 பேர் அந்த எல்லைக்கு வெளியே இருப்பார்கள். கணக்கிலேயே அது உண்டு. இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் ஒருவருக்குச் செய்தால், அவர் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டி வருவதற்கான வாய்ப்பு சுமார் 64 சதவீதம். கூடுதல் பரிசோதனைகள் உள்ள பேக்கேஜில் இந்த வாய்ப்பும் கூடும். ஆக, பெரிய செக்கப் செய்துகொண்டவர் கைக்கு ஒரு ‘எச்’ கூட இல்லாமல் ரிப்போர்ட் வந்தால்தான் வியப்பு.

டி.எஸ்.எச். அளவு ஒரே நாளிலேயே ஏறி இறங்கும், இரவில் கூடும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. கர்ப்பிணிக்கு அளவே வேறு. அதனால்தான் எல்லையைக் கொஞ்சமாகத் தாண்டிய எண்ணைப் பார்த்ததும் டாக்டர் பல நேரம் மாத்திரை எழுதுவதில்லை, சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்கிறார். முதல் நாள் இரவே வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று படித்துவிட்டு வந்தவருக்கு இது எப்படிப் படும்? டாக்டர் அலட்சியமாக இருக்கிறார் என்று படும். டாக்டருக்கோ, எதிரில் இருப்பவர் எதனால் முகம் சுளிக்கிறார் என்று தெரியாது. இருவர் மேலும் தப்பில்லை. நடுவில் படித்த அந்தப் பத்துப் பக்கம் பேச்சில் வரவே இல்லை, அவ்வளவுதான்.

தேடும்போது பயம் ஏன் கூடுகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-ல் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று தேடினால் கிடைக்கும் பக்கங்களில் காபி குடிப்பதை நிறுத்தியதால் வரும் தலைவலியும் மூளைக்கட்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன. நிஜத்தில் மூளைக்கட்டி என்பது ஓர் ஆண்டில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிதானது. காபியை விட்டால் தலை வலிப்பது வீட்டுக்கு வீடு நடப்பது. ஆனால் சாதாரணத் தலைவலியைப் பற்றி யார் பக்கம் பக்கமாக எழுதப் போகிறார்கள்? பெரிய நோயைப் பற்றித்தான் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, அதனால் அதுதான் நிறையக் கண்ணில் படுகிறது. எது அடிக்கடி எழுதப்படுகிறது என்பதை, எது அடிக்கடி வருகிறது என்று நம் மனசு எடுத்துக்கொள்கிறது. டாக்டரின் படிப்பும் அனுபவமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. ‘இந்த வயதில், இந்த ஊரில், இந்த மாதத்தில், இந்தத் தலைவலி பெரும்பாலும் என்ன?’ என்று அவர் கணக்குப் போடுகிறார்.

அறிகுறிகளைத் தட்டினால் நோயைச் சொல்லும் செயலிகளும் உண்டு. 2015-ல் ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அப்படிப்பட்ட 23 செயலிகளை 45 மாதிரி நோயாளிகளின் விவரங்களைக் கொடுத்துச் சோதித்தது. சரியான நோயை முதலிடத்தில் சொன்னது மூன்றில் ஒரு பங்கு தடவைதான். அடுத்த ஆண்டு அதே வகை விவரங்களை டாக்டர்களிடம் கொடுத்தபோது அவர்கள் 72 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். டாக்டர்களும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சாட்ஜிபிடி போன்றவை வந்துவிட்டன, இப்போது பலர் ரிப்போர்ட்டையே அதில் ஏற்றிவிட்டு விளக்கம் கேட்கிறார்கள். 2023-ல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. இணையத்தில் பொதுமக்கள் கேட்டிருந்த 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும் யார் எழுதியது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடமே காட்டினார்கள். அவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் பதிலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதில்தான் பரிவும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த டாக்டர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கு நேரம் கிடைத்தபோது நாலு வரி எழுதியவர்கள், இயந்திரத்துக்கு நேரக் கணக்கே இல்லை. அதனால் இதை வைத்து டாக்டர்களுக்குப் பரிவு குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது இதில் தெரிகிறது. அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நேரம்தான். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளியோடு பொது மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். ஓ.பி.யில் வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது டாக்டர் என்ன செய்வார்? அந்த 2 நிமிடத்தில் கேட்க முடியாத கேள்விகளை ஜனங்கள் இரவில் ஃபோனிடம் கேட்கிறார்கள். டாக்டர் மேல் நம்பிக்கை போனதால் தேடுகிறார்கள் என்று சிலர் வருத்தப்படுவதை நான் ஏற்பதில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாததால்தான் பெரும்பாலானோர் தேடுகிறார்கள்.

இந்தத் தேடல் நல்ல விதமாகப் போன ஒரு கதை அமெரிக்காவில் உண்டு. டேவ் டிபிராங்கார்ட் என்பவருக்கு 2007 ஜனவரியில் தோள்பட்டைக்கு எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் அங்கே வரை பரவியிருந்தது. அவருடைய டாக்டர் டேனி சாண்ட்ஸ் செய்ததுதான் முக்கியம். இணையப் பக்கமே போகாதே என்று அவர் சொல்லவில்லை, புற்றுநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவின் பெயரைச் சொல்லி அங்கே போகச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் டேவுக்குச் சொன்ன தகவல் இது: இந்த நோய்க்கு இன்டர்லூகின் என்ற மருந்தை அதிக அளவில் கொடுக்கும் சிகிச்சை உண்டு, பலருக்கு வேலை செய்யாது, சிலருக்குச் செய்யும், பல மருத்துவமனைகளில் அது கிடையாது, கிடைக்கும் இடத்து டாக்டர்கள் இவர்கள். தொலைபேசி எண்களையும் கொடுத்தார்கள். அவர் அந்தச் சிகிச்சையை எடுத்துப் பிழைத்தார். பின்னாளில், நோயாளியும் சிகிச்சையில் பங்காளி என்று பேசும் இயக்கத்தின் முக்கியக் குரல்களில் ஒருவரானார்.

ஒருவர் பிழைத்ததை வைத்து அந்த மருந்தை எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியாது. இதில் என்னைக் கவர்ந்தது அந்த மூவரின் அமைப்பு. டாக்டர், நோயாளி, அதே நோயோடு வாழும் மற்றவர்கள் மூவரும் ஒரே பேச்சில் இருந்தார்கள். எந்த மருத்துவமனையில் எது கிடைக்கும், ஊசி போட்ட இரவில் என்ன தொந்தரவு வரும், எதைச் சாப்பிட முடியும் என்பதெல்லாம் அனுபவித்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல முடியும்.

அப்படிக் குழுவாகச் சேர்ந்த நோயாளிகள் ஆராய்ச்சிக்கும் உதவியிருக்கிறார்கள். நரம்புகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு லித்தியம் என்ற மருந்து பலன் தருகிறது என்று 2008-ல் ஒரு சிறிய இத்தாலிய ஆய்வு சொன்னது. ‘பேஷண்ட்ஸ்லைக்மீ’ தளத்தில் இருந்த நோயாளிகள் பலர் லித்தியம் எடுத்துக்கொண்டு தங்கள் நிலையைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை, லித்தியம் எடுக்காதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2011-ல் வெளியான முடிவு, பலன் இல்லை என்பது. நம்பிக்கையோடு தொடங்கிய நோயாளிகளே, அது வேலை செய்யவில்லை என்பதைக் காட்டவும் உதவினார்கள்.

அடுத்தது கோப்பு. நம்மைப் பற்றி டாக்டர் எழுதி வைப்பதை நாம் படிக்கலாமா? அமெரிக்காவில் 2010-ல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய இடங்களில் 105 டாக்டர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகள் இணையத்தில் படிக்கும்படி திறந்துவிட்டுப் பார்த்தார்கள். ‘ஓப்பன்நோட்ஸ்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் குவியும் என்று டாக்டர்கள் பயந்தார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓராண்டு முடிந்தபோது 99 சதவீத நோயாளிகள் இது தொடர வேண்டும் என்றார்கள், ஒரு டாக்டர்கூட நிறுத்தச் சொல்லவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து அங்கே சட்டமே வந்துவிட்டது. குறிப்பையும் பரிசோதனை முடிவையும் நோயாளிக்குத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். இதனால் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவை டாக்டருக்கு முன்பே வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பவர்களும் உண்டு, அது கொடுமையான தருணம்தான். ஆனாலும், இப்படி முடிவுகளைப் பார்த்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, 96 சதவீதம் பேர் உடனே தெரிவதுதான் வேண்டும் என்றார்கள். காத்திருப்பதும் ஒரு வேதனைதானே.

நம் நாட்டில் ஓ.பி. சீட்டும் ஸ்கேன் ஃபிலிமும் பெரும்பாலும் எப்போதும் நம் கையில்தான். பீரோவில் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் கோப்பு மருத்துவமனையில் தங்கிவிடுகிறது. அதைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பலருக்கு இது தெரியாது, தயங்கிக்கொண்டே கேட்பார்கள் அல்லது கேட்கவே மாட்டார்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு, தைரியமாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மத்திய அரசின் 14 இலக்க ஆபா எண் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கியது, இந்தத் தாள்களையெல்லாம் நம் சம்மதத்தோடு ஒரே இடத்தில் இணைப்பது அதன் நோக்கம்.

மின்பதிவு என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன டேவ், 2009-ல் தன் மருத்துவப் பதிவுகளை இணையத்துக்கு மாற்றிப் பார்த்தபோது தனக்கு வராத நோய்களெல்லாம் பட்டியலில் இருந்தன. பில் போடுவதற்காக வைத்த குறியீடுகள் நோயின் பெயராக மாறி வந்திருந்தன. நோயாளியே படித்துப் பார்த்ததால்தான் பிழை வெளியே வந்தது.

சரி, வீடியோ காலுக்கு வருவோம். நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி தேனியில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் சிறிய கண் மையங்களைத் திறந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் நீண்ட தூரம் எட்டும் வைஃபை இணைப்பைச் செய்து கொடுத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைக் கருவியில் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்து நோயாளியிடம் பேசுவார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்வருவது என்றால் என்ன செலவு என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்த ஏற்பாட்டில் நோயாளியின் பக்கத்திலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். வெறும் ஃபோனை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் ஆலோசனையில் அது இல்லை.

2020 மார்ச் 25 அன்று, பொதுமுடக்கம் தொடங்கிய அதே நாளில், இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் அரசின் இசஞ்சீவனி தளம் வழியாக வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசும் வசதி வந்தது. முதல் மாதங்களில் அதை அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது.

அந்த நெறிமுறைகளில் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஃபோனில் பார்த்தால் போதுமா, நேரில் வர வேண்டுமா என்று முடிவு செய்வது டாக்டர்தான், அவர் நேரில் வரச் சொன்னால் அது தட்டிக்கழிப்பதில்லை. மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதை தரக்கூடிய மருந்துகள், கடும் கட்டுப்பாட்டில் உள்ள ஷெட்யூல் எக்ஸ் வகை மருந்துகளை ஃபோன் வழியாக எழுதித் தரக் கூடாது. செயற்கை நுண்ணறிவு தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவியாக மட்டும் இருக்கலாம். யூடியூபில் வெள்ளைக் கோட்டோடு பேசுபவர் நிஜமாகவே டாக்டரா என்று சந்தேகம் வந்தால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண், வீட்டிலேயே, யூடியூபைப் பார்த்து நடந்த பிரசவத்தில் உதிரப்போக்கால் இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கு நிமிடக் கணக்கில் உயிரைக் கொண்டுபோகும், அந்த நேரத்தில் பக்கத்தில் மருந்தும் ரத்தமும் கைதேர்ந்த ஆளும் வேண்டும். எந்த வீடியோவாலும் அது முடியாது. டாக்டரோடு பேசுவதற்கு இணையம் துணையாக இருந்தவரை டேவ் கதையில் நல்லது நடந்தது. இங்கே டாக்டரே வேண்டாம் என்று அது வந்து நின்றுவிட்டது. அப்படி நிற்கும் இடங்களில், ஆஸ்பத்திரி என்றாலே பணம் பிடுங்குவார்கள், தேவையில்லாமல் வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் முன்பே இருந்திருக்கும். அந்தப் பயத்தைத் திட்டினால் போகாது. ஏன் இந்தப் பரிசோதனை, ஏன் இந்த ஆபரேஷன் என்று டாக்டர்கள் பொறுமையாகச் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

நம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது, படித்ததை மறைக்காமல் கேள்வியாகக் கேட்பது. ‘எனக்கு இந்த நோய்தான், இந்த மாத்திரை எழுதுங்கள்’ என்று தொடங்கினால் எந்த டாக்டரும் இறுகிப்போவார். ‘இப்படி ஒன்றைப் படித்தேன், பயமாக இருக்கிறது, எனக்கு இது பொருந்துமா டாக்டர்?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பதில் சொல்கிறார்கள். பத்துப் பக்கப் பிரிண்ட் அவுட்டை நீட்ட வேண்டாம், அந்த 2 நிமிடத்தில் அதை அவரால் படிக்க முடியாது. மனசை அரிக்கும் இரண்டு கேள்வியை எழுதி எடுத்துப்போனால் போதும். நாட்டு மருந்தோ, யாரோ அனுப்பிய கஷாயமோ குடித்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் மறைக்கக் கூடாது, ஆங்கில மருந்தோடு சேர்ந்து அது என்ன செய்யும் என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓ.பி. முடித்து வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் ஃபோனில் ரிப்போர்ட், தோல் தடிப்பு, குழந்தையின் மலம் என்று படம் வந்துகொண்டே இருக்கிறது. பலரும் அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. பார்க்காவிட்டால் குற்றவுணர்வு, அவசரத்தில் பார்த்து ஏதாவது தவறிவிட்டால் பொறுப்பு அவர் தலையில். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் வராத கோபத்தில் சிலர் கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது ஆகியவற்றுக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். மற்றபடி முதல்முறை ஒரு டாக்டரிடம் போகும்போதே, ரிப்போர்ட்டை எந்த எண்ணுக்கு அனுப்பலாம், எத்தனை மணிக்குப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது என்று வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.